ஃபர்னஸுக்கு வெள்ளிக்கிழமை ஆகாது

இப்போது இருக்கிற வீட்டை ஏன் காலி செய்கிறாய் என்று கேட்டீர்கள் அல்லவா அக்கா, அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். 'வேலைக்கு ரொம்பத் தூரம்' என்று சொல்லிவிடு என்றான் என் நண்பன். பஸ்ஸில் வரும்போது நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அந்த வீடு வேலைக்குப் பக்கம் அக்கா. நடந்தே போவேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு ரூம் தருவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சனிக்கிழமைக்குள் எனக்கு ஓர் இடம் வேண்டும், இன்று வியாழன். அதையும் நான் மறைக்கவில்லை.

விசாரிக்க வேண்டும் என்றால் தில்லைநாதன் அங்கிளின் நம்பர் தருகிறேன். வீட்டுக்காரர் அவர்தான். அவர் எடுத்தால் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்வார். ராசமலர் ஆன்ட்டி எடுத்தால் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுங்கள். 'ராங் நம்பர்' என்று சொல்லச் சொல்ல மாட்டேன். அது பொய்.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில். அப்பாவுக்குப் பவர்லூம் வேலை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மெக்கானிக்கல் என்ஜினியரிங், எண்பத்தோரு சதவீதம். சரியாகச் சொன்னால் எண்பது புள்ளி ஆறு. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஒரு கிடங்கில் ஸ்கேனர் பிடிக்கிறேன். பெட்டி வரும், 'பீப்' என்று அடிக்கும், போகும். அதிலும் தவறு வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வீட்டுப் பேஸ்மென்ட் ரூமுக்கு என்னோடு சேர்த்து ஆறு பேர் கேட்டு வந்திருந்தார்கள். அங்கிள் எல்லாரிடமும் என்ன படிப்பு என்று கேட்டார். நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் யாழ்ப்பாணம், காரைநகர். அவர் பேச்சு எனக்கு அப்படியே மனப்பாடம்.

"மெக்கானிக்கல் எஞ்சினியரோ? அப்ப நல்லதாப் போச்சு. இனி ஃபேர்னஸ் உம்மட பொறுப்பு."

"அங்கிள், நான் ஃபர்னஸை இதுவரைக்கும் கண்ணாலகூடப் பார்த்ததில்ல."

"படிச்ச பிள்ளையள் இப்பிடித்தான் அடக்கமாக் கதைப்பினம்."

நான் அடக்கமாகப் பேசவில்லை அக்கா, உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் குளிர் என்றால் என்ன? மார்கழியில் விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைப்போம். அவ்வளவுதான். வீட்டுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் கேஸ் எரிந்து, அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறை அறையாகப் போகிறது என்பதெல்லாம் எனக்கு எந்தப் பாடத்திலும் வரவில்லை. வந்திருந்தாலும் அது சாய்ஸில் போயிருக்கும்.

ஆனால் பொறுப்பு என்று தலையில் வைத்துவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஃபர்னஸோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அறுபத்து நான்கு பக்கம். மூன்று தடவை படித்தேன். 'எச்சரிக்கை' என்று நாற்பத்தோரு இடத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அங்கிளிடம் போய்த் தெளிவாகச் சொன்னேன். "அங்கிள், கேஸ் குழாய், பர்னர், இந்தப் பக்கம் நான் கை வைக்க மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை லைசன்ஸ் உள்ள டெக்னீஷியன்தான் அதைத் திறந்து பார்க்கணும். வீட்டு ஆட்கள் செய்யக்கூடிய வேலைய மட்டும் நான் செய்றேன்."

"செய்யும், செய்யும். கெதியாச் செய்யும். பனி வரப்போகுது."

செய்தேன் அக்கா. அக்டோபர் முதல் வாரம். ஃபர்னஸ் ரூமில் பழைய பெயின்ட் டப்பா, பத்திரிகைக் கட்டு, ஆன்ட்டியின் ஊறுகாய் ஜாடி, அங்கிளின் இருபது வருஷத்து ஷூ எல்லாம் பெட்டியை ஒட்டியே அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துச் சுற்றிலும் ஒரு மீட்டர் காலியாக்கினேன். டேப் வைத்து அளந்தேன். வெளிச்சுவரில் புகை போகும் குழாயின் வாயில் அடைந்திருந்த இலைகளைக் கையால் எடுத்தேன். மேலே சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த, சூடான காற்று வரும் தரைச் சல்லடையைத் திறந்துவிட்டேன். சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரை உருவினேன். அக்கா, அதன் நிறத்தை நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா என்று எனக்குத் தெரியாது.

இதெல்லாம் எனக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று அங்கிளையும் ஆன்ட்டியையும் கீழே அழைத்து ஒரு விளக்கம் கொடுத்தேன். நாற்பது நிமிடம். அங்கிள் பத்தாவது நிமிடத்தில் போன் வருகிறது என்று மேலே போய்விட்டார். போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் ஆன்ட்டி கடைசிவரை இருந்தார். முழங்கால் வலிக்காரர். பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து கேட்டார். நான் ஃபில்டர் போகும் சந்தைக் காட்டினேன்.

"ஆன்ட்டி, வீட்டுக் காத்தெல்லாம் இது வழியாத்தான் உள்ள போகுது. இதுக்குள்ள என்ன போனாலும் சரி, அஞ்சு நிமிஷத்துல வீட்டில இருக்கிற எல்லா ரூமுக்கும் போயிடும். மாடி, ஹால், எல்லா இடத்துக்கும்."

"எல்லா அறைக்குமோ?"

"எல்லா ரூமுக்கும்."

"மேல மகளின்ர அறைக்கும்?"

"ஒரு மூலை விடாது ஆன்ட்டி."

"வடிவா விளங்கப்படுத்துறீர் தம்பி" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என் விளக்கத்தை அப்படிப் பாராட்டியதில்லை. ஃபில்டரை எப்படி உருவுவது, எப்படிச் செருகுவது, அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். தன் கையாலேயே உருவியும் பார்த்தார். இந்த வயதில் இவ்வளவு ஆர்வமா என்று நான் அசந்துவிட்டேன்.

அப்புறம் அலாரம். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது அக்கா, உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. எது சரியாக எரியாவிட்டாலும் வரும். தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். அதைக் கண்டுபிடிக்கிற அலாரம் அவர்கள் வீட்டிலும் இருந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தால் அதற்கு ஆயுள் முடிந்து ஏழு வருஷம். அங்கிளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிதாக ஒன்று வாங்கி, பேஸ்மென்ட்டில் என் ரூம் வாசலில் மாட்டினேன். எண் காட்டுகிற வகை. பூஜ்யம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்ப்பேன். நடுவில் விழிப்பு வந்தாலும் பார்ப்பேன். இது வியாதியா என்று கேட்காதீர்கள். எங்கள் அம்மாவும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பார்.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, சாயந்திரம் ஆறு ஐம்பதுக்கு அது அலறியது.

நான் படித்தபடியே செய்தேன். எந்தச் சாமானையும் எடுக்கவில்லை. "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே படியேறி வாசலுக்கு வந்தேன். அங்கிள் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கோயிலுக்குப் போனால் ஏழரைக்குத்தான் வருவார். ஆன்ட்டி பின்கதவு வழியாக மூச்சு வாங்க வந்தார், சால்வையைப் போர்த்திக்கொண்டு. "வாசல் கதவு பக்கத்திலயே இருக்கும்போது ஏன் ஆன்ட்டி பின்னால சுத்தி வந்தீங்க? கிட்ட இருக்கிற கதவு வழியாத்தான் வெளியேறணும்" என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார். பயந்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. நான்கு பேர், கையில் மீட்டரோடு இறங்கினார்கள். கீழே அந்த வாயு கொஞ்சம் இருக்கிறது, குறைந்துகொண்டும் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றார்கள். ஒருவர் மூக்கை உறிஞ்சிவிட்டு இது என்ன வாசனை என்று கேட்டார். ஆன்ட்டி 'ஊதுபத்தி' என்றார். நானும் ஆமோதித்தேன். அந்த வீட்டில் ஊதுபத்தி வாசனை இல்லாத நாள் கிடையாது. அதில் எனக்குச் சந்தேகம் வரவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அங்கிள் விபூதியும் சந்தனமுமாக வந்து இறங்கினார். தெரு முழுக்கச் சிவப்பு விளக்கு சுற்றுகிறது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

"நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருசம். என்ர வீட்டு வாசலில ஃபயர் ட்ரக் நிண்டதில்லை. நீர் கை வைக்க முதல் இந்த ஃபேர்னஸ் வாய் திறந்ததே இல்லை!"

"அதுக்கு முன்னால வாய் திறக்கிற அலாரமே இல்ல அங்கிள்" என்றேன். அது உண்மை. ஆனால் அன்று சொல்லியிருக்க வேண்டாம்.

அடுத்த வெள்ளி. ஆறு நாற்பத்தெட்டு. மறுபடியும் அலறியது. இந்தத் தடவை கேஸ் கம்பெனி ஆளும் வந்தார். காரணம் தெரியாத வரைக்கும் எரியவிட மாட்டேன் என்று கேஸை மூடிச் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். டெக்னீஷியன் திங்கட்கிழமைதான் வருவார். வெளியே மைனஸ் ஆறு. மூன்று பேரும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அங்கிள் இரண்டு குல்லா போட்டிருந்தார். இரண்டு நாளும் என்னைப் பார்த்தார், பேசவில்லை. டீ குடிக்கும்போது மட்டும் ஆன்ட்டியிடம், "எஞ்சினியருக்கும் ஒண்டு குடும்" என்பார். அந்த 'எஞ்சினியர்' என்ற சொல் அப்படி வலிக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

திங்கட்கிழமை டெக்னீஷியன் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். தீ நீலமாக எரிகிறது, எங்கும் விரிசல் இல்லை, இவ்வளவு சுத்தமான ஃபர்னஸ் ரூமை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னார். "பாத்தீங்களா அங்கிள்" என்றேன்.

"பாத்தன். கள்ளன் இல்லை எண்டு பொலிஸ் சொல்லிப் போட்டான். ஆனாச் சாமான் காணாமப் போகுதே! இஞ்ச பாரும் தம்பி. அடுத்த வெள்ளி இது அடிச்சா, நீர் வேற இடம் பாரும். நான் சொல்லிப் போட்டன்."

நவம்பரில் எங்கே போய் ரூம் தேடுவது? அதற்கு முன்னால் ஏழு பேர் இருந்த வீட்டில், ஷூ ரேக்குக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் நான். அப்பா போனில் கேட்கும்போதெல்லாம் "தனி ரூம், ஜன்னல்கூட இருக்கு" என்று சொல்லியிருந்தேன், அவரும் லூம் செட்டில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், வெளிக்குளிர், காற்று எந்தப் பக்கம், யார் வீட்டில் இருந்தார்கள் எல்லாம் எழுதினேன். தினமும் எட்டு மணிக்கு அங்கிளிடம் காட்டிவிடுவேன். அவர் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் காட்டினேன். ஏன் வெள்ளிக்கிழமை மட்டும்? வார இறுதி என்று ஊரே சமைக்கும்போது கேஸின் அழுத்தம் மாறுகிறதோ? பக்கத்து வீட்டுப் புகை வருகிறதோ? மூன்று பக்கத்துக்கு ஒரு கருத்து எழுதினேன். ஆன்ட்டியிடமும் விசாரித்தேன், யாரையும் விடக் கூடாது என்பதற்காக.

"ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் அடுப்புல என்ன வைக்கிறீங்க?"

"வெள்ளி எனக்கு விரதம் தம்பி. சமைக்கிறதே இல்லை. தலையிடி வேற, எழும்ப ஏலாது."

அத்தோடு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. போன வாரம்தான். அரை நாள் லீவு போட்டேன். நோட்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போய் ஃபர்னஸ் ரூமில், வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். லைட்டை அணைத்துவிட்டேன். தீயின் நிறம் இருட்டில்தான் தெளிவாகத் தெரியும்.

ஐந்து ஐம்பத்தைந்துக்குப் படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, நின்று நின்று. கதவு திறந்தது. ராசமலர் ஆன்ட்டி. கையில் சாம்பிராணிச் சட்டி. கோடையில் வீட்டுக்குப் பின்னால் இறைச்சி சுடுவார்களே, அந்த மூட்டைக் கரி, ஏழெட்டுத் துண்டு, செக்கச்செவேல் என்று. சட்டியை ஃபர்னஸுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் சொல்லிக் கொடுத்தபடியே ஃபில்டரைப் பாதி உருவினார். சாம்பிராணியை அள்ளிப் போட்டார். புகை குபுகுபுவென்று அந்தச் சந்துக்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டு, "நல்லூர்க் கந்தா, எல்லா அறைக்கும் போ" என்றார்.

எனக்கு இருமல் வந்துவிட்டது.

"ஐயோ! ஆர் அது!"

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. நான்தான், கோமதிநாயகம்."

"உமக்கு இஞ்ச இருட்டுக்குள்ள என்ன வேலை!"

"கண்காணிப்பு ஆன்ட்டி. சட்டியத் தொடாதீங்க. நான் எடுத்துக்கிறேன். முதல்ல நீங்க வெளிய வாங்க."

சட்டியை இடுக்கியால் பிடித்துக்கொண்டு போய்ப் பின்முற்றத்தில் வைத்தேன். அலாரம் அப்போது இருபத்திரண்டு காட்டியது. இன்னும் அடிக்கவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்தேன். ஆன்ட்டியைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் அழுதார் அக்கா.

கால்கரியில் இருக்கிற மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் ஐந்தாவது மாதமாம். பதினொரு வெள்ளிக்கிழமை வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவதாக நேர்ந்திருக்கிறார். மகள் வளர்ந்த மாடி அறைக்கும் காட்ட வேண்டும். மாடியேற முழங்கால் விடாது. மேலே போனாலும் அங்கே இருக்கிற புகை அலாரம் கத்தும், அங்கிள் அதற்கு மேல் கத்துவார். என் அலாரம் அடித்த இரண்டு தடவையும் சட்டியைப் பின்கதவு வழியாக வெளியே வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்தாராம்.

"நீர்தானே சொன்னனீர், இதுக்குள்ள போறது ஒரு மூலை விடாது எண்டு. அதுக்குப் பிறகுதான் எனக்கு இந்த யோசனையே வந்தது."

பதற்றத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள். நான் சொன்னது காற்றைப் பற்றி. கரியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில்கூட இருக்கிறது.

அவருக்கு நிதானமாக விளக்கினேன். இரண்டாவது தடவையாக. "கரி எரிஞ்சாலும் அதே விஷ வாயுதான் ஆன்ட்டி. கதவ மூடிச் சட்டிய உள்ளேயே ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போறீங்க. ஃபர்னஸ் அத வீடு பூராக் கொண்டுபோகுது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தலைவலிக்குதுன்னீங்களே, விரதத்தாலன்னு நினைச்சீங்களா?"

அதைக் கேட்டதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவரிட்டைச் சொல்லாதையும் தம்பி. ரெண்டு தரம் ஃபயர் ட்ரக்கைக் கூப்பிட வைச்சது நான் எண்டு தெரிஞ்சா, சாகுமட்டும் சொல்லிக் காட்டுவார். இனி உமக்குக் கரைச்சல் இல்லாமச் செய்யிறன். நீர் வேலைக்குப் போற நேரமாப் பாத்து வைக்கிறன். அந்த அலாரப் பெட்டியையும் ஒருக்காக் கழட்டி வைச்சா அதுவும் கத்தாது. இன்னும் எட்டு வெள்ளிதானே."

நான் போய் அலாரம் சுவரில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஏழரைக்கு அங்கிள் வந்தார். தெருவில் வண்டி இல்லை. வீட்டில் சத்தம் இல்லை. நேராகக் கீழே போய் அலாரத்தைப் பார்த்தார். பூஜ்யம். மேலே வந்து என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"அடிக்கேல்லை! எனக்குத் தெரியும், நீர் கெட்டிக்காரன் எண்டு. சொல்லும், என்ன செய்து திருத்தினீர்?"

அக்கா, அந்த இடத்தில் என்னை வைத்துப் பாருங்கள். 'ஃபில்டரைக் கொஞ்சம் நகர்த்தினேன் அங்கிள்' என்று சொன்னால் போதும். ரூம் எனக்குத்தான். என்ஜினியர் பட்டமும் எனக்குத்தான். அடுப்படியில் ஆன்ட்டி பாத்திரத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பத்து நொடி கணக்குப் போட்டேன். இன்னும் எட்டு வெள்ளி. ஒரு வெள்ளி நான் வேலையிலிருந்து வரத் தாமதமானால், உள்ளே இவர் தலைவலி என்று படுத்திருந்தால்?

சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நாலு பேரைப் போல நாசூக்காகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. நோட்டைத் திறந்து நீட்டிவிட்டேன். 'காரணம்: சாம்பிராணிக் கரி. வைத்தவர்: ரா. ஆன்ட்டி. வைத்த இடம்: ஃபில்டர் சந்து.' அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு அதைச் சத்தமாகவே படித்தார்.

நான் எதிர்பார்த்தபடி அவர் கத்தவில்லை. கீழே போனார். ஃபர்னஸைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "உன்னைப் பிழையா நினைச்சுப் போட்டன்" என்றார். அதனிடம் மன்னிப்புக் கேட்டார் அக்கா. என்னிடம் கேட்கவில்லை. பிறகு மேலே வந்து ஆன்ட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுத்தியிருக்க மாட்டனோ? உனக்கு ஏதும் ஆகியிருந்தா நான் என்ன செய்யிறது?"

அப்பாடா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இவன் இருக்கிற வீட்டில நான் இருக்க மாட்டன்."

அவ்வளவுதான். மறுநாளே கடைக்குப் போய், கரி இல்லாமல் கரண்டில் ஓடுகிற சாம்பிராணித் தட்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். கதவு வழியாகவே திரும்பி வந்தது. "பிளக்கில குத்தியோ கந்தனைக் கும்பிடுறது?" என்று உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல் கேட்டது. பேஸ்மென்ட் படியில் மூன்று இடத்தில் நான் ஒட்டியிருந்த எச்சரிக்கை நோட்டீஸையும் கிழித்துவிட்டார். அங்கிள் என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கை போட்டார்.

"தம்பி, நீர் செய்தது நூறு வீதம் சரி. ஆர் கேட்டாலும் சொல்லுவன். ஆனா நான் காலம் முழுக்க உம்மோட இருக்கப் போறதில்லை பாரும். அவவோடதான் இருக்க வேணும். அடுத்த சனிக்கிழமை மட்டும் இரும், பிறகு வேற இடம் பாரும்."

இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அவ்வளவு ஆர்வமாகக் கேட்டுக் கற்றுக்கொண்டவர், ஏன் என் மேல் இவ்வளவு கோபம்? ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும். நேற்று அந்த மகள் கால்கரியிலிருந்து எனக்குப் போன் செய்தாள். ஒரு நிமிடம் பேசவே முடியாமல் சிரித்தாள். அப்புறம் "தாங்க்ஸ் அண்ணா" என்றாள். அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். இருந்தாலும் நான் திருத்தவில்லை.

இதுதான் அக்கா நடந்தது. இனி நீங்கள்தான்... நிஜமாகவா? இருந்துகொள் என்கிறீர்களா? ரொம்ப நன்றி அக்கா. பொய் சொல்லாத பையன் வீட்டில் இருந்தால் நல்லதுதான் என்று நீங்கள் சொல்வதை அப்பாவிடம் அப்படியே சொல்வேன். பெட்டியைச் சனிக்கிழமை காலையிலேயே...

என்ன அக்கா, எழுந்துவிட்டீர்கள்? ஆமாம், அது ஃபர்னஸ் சத்தம்தான். ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாளாக ஓடவில்லையா? டெக்னீஷியனைக்கூடக் கூப்பிட்டுவிட்டீர்களா? ஆமாம், கையை வைத்துப் பாருங்கள், சூடாகத்தான் வருகிறது. தானாகவே சரியாகிவிட்டது என்கிறீர்கள்.

தானாகவே...

அக்கா, இது இன்னும் ஐந்து நிமிடம் கழித்து ஓடியிருக்கக் கூடாதா? நான் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருப்பேன். கொஞ்சம் உட்காருங்கள். ரூம் கிடைத்த சந்தோஷத்தில் இதைச் சொல்லாமல் போனால் சனிக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

பெல் அடிப்பதற்கு முன்னால் நான் உங்கள் வீட்டைப் பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றினேன். கேட்காமல் சுற்றியது தப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் அந்தக் குழாயைத்தான் தேடுகிறது. அங்கே வெள்ளையாக இரண்டு குழாய். ஒன்றின் வாயில் மஞ்சள் பை ஒன்றைப் போட்டு, ரப்பர் பேண்டால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. நீங்கள்தானா? பனி உள்ளே போய்விடக் கூடாது, குளிர் இறங்கிவிடக் கூடாது என்றுதானே? தெரியும் அக்கா. அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தது. ஆனால் அது புகை வெளியே வருகிற வாய். ஃபர்னஸுக்கு மூக்கைப் பொத்தினால் என்ன செய்யும்? நல்ல காலம், இது புது மாடல். ஆபத்து என்று தெரிந்து தானாகவே நின்றிருக்கிறது. எல்லா ஃபர்னஸுக்கும் அந்தப் புத்தி கிடையாது. நான் அவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து அது மறுபடி முயற்சி செய்திருக்கிறது. எதற்கும் டெக்னீஷியன் வந்து ஒரு தடவை பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இதோ பை. கோட்டுக்குள்தான் வைத்திருந்தேன். கசக்கவில்லை, மடித்துத்தான் வைத்தேன். உங்கள் கல்யாணத் தாம்பூலப் பைதானே? 'இளவழகன் – பூங்கோதை, பாளையங்கோட்டை' என்று எழுத்துக்கூட அழியவில்லை. இளவழகன் அண்ணனுக்கு இது தெரிய வேண்டாம் என்கிறீர்களா? சரி, நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டால் மட்டும் என்னால்... அதை அப்போது பார்ப்போம்.

என்ன, இன்னொரு பையா? பக்கத்துக் குழாய்க்குக் கட்ட எடுத்து வைத்திருக்கிறீர்களா? எங்கே? அந்த மேஜை டிராயரிலா?

அதையும் என்னிடம் தந்துவிடுங்கள் அக்கா. தந்துவிடுங்கள். ரூமைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.